பெரியம்மாக்கள் இருக்கும் ஊர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான்கு ஆண்டுகளாக ஆப்பிரிக்க நாடான மலாவியின் தலைநகரான லிலாங்வேயில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு சேர்ந்து, நகரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு கிராமத்துக்கு அவ்வப்போது மக்காச்சோள மாவும் துணிமணிகளும் கொண்டுபோய்க் கொடுத்து வந்தோம். பெற்றோரை இழந்த பிள்ளைகள் அங்கே அறுபது பேருக்கு மேல் இருப்பதாக ஊர்த்தலைவர் சொன்னார். நாற்பது பிள்ளைகள் தங்கும்படி ஓர் இல்லம் கட்ட முடிவுசெய்து, பணமும் ஓரளவு சேர்த்துவிட்டோம். நிலம் தர ஊர்த்தலைவர் சம்மதித்திருக்கிறார். ஆனால் மாவட்டச் சமூகநலத் துறையில் பணிபுரியும் பெண்மணி ஒருவர், "இல்லம் வேண்டாம், ஊர்க்காரர்கள் செய்துவருவதற்குத் துணையாக இருங்கள்" என்கிறார். பாட்டிமார்களின் குடிசைகளில் அந்தப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்த எங்களால் அதை ஏற்க முடியவில்லை. மலாவிக்கு நீங்கள் சென்றுவந்ததை அறிந்திருப்பதால், உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

எம். ஆர்., லிலாங்வே

அன்புள்ள எம். ஆர்.,

அந்தப் பெண்மணி சொல்வது சரி என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். பிள்ளைகளின் நிலையைக் கண்டு மனம் பொறுக்காமல் நீங்கள் எடுத்த முடிவு இது என்பது தெரிந்திருந்தும், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்பதால் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்த 'அறுபது பேர்' என்ற கணக்கைப் பார்க்க வேண்டும். யுனிசெஃப் முதலான அமைப்புகள், 18 வயதுக்குள் தாய் தந்தையரில் ஒருவரை மட்டும் இழந்த பிள்ளையையும் பெற்றோரை இழந்தவர்கள் கணக்கில் சேர்த்தே எண்ணுகின்றன. ஆகவே அந்த ஊரிலும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இருவரையும் இழந்தவர்களுக்கும் உறவு அறுந்துபோவதில்லை. லிலாங்வேயைச் சுற்றி வாழும் சேவா மக்கள் தாய்வழிச் சமூகத்தினர். அவர்கள் மொழியில் தாயின் அக்காள் 'பெரிய அம்மா', தங்கை 'சின்ன அம்மா'; சொல்லுக்குச் சொல் நம்முடைய பெரியம்மாவும் சின்னம்மாவும்தான். தாய்மாமனுக்கும் சகோதரியின் பிள்ளைகள்மேல் உரிமையும் பொறுப்பும் உண்டு. நிலமும் தாய்வழியிலேயே இறங்குகிறது. நான்கு வயதில் இல்லத்துக்குச் சென்று பதினெட்டு வயதில் வெளியே வரும் பிள்ளைக்கு, எந்த வரப்பு தன் தாயுடையது என்பதும் தெரியாது, அதைச் சுட்டிக்காட்டித் தனக்காகப் பேச ஓர் ஆளும் இருக்காது. ஐக்கிய நாடுகள் சபை 2009இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு நெறிமுறைகள், வறுமையை மட்டுமே காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. ருவாண்டா 2012இலேயே இல்லங்களை மூடிப் பிள்ளைகளைக் குடும்பங்களில் சேர்க்கும் திட்டத்தை ஏற்றது. கென்யா 2017இல் புதிய இல்லங்களுக்குப் பதிவு வழங்குவதை நிறுத்தியது.

நீங்கள் பார்த்த ஊரில் 'ம்கோம்பா பாலா' இருக்கிறதா என்று விசாரித்தீர்களா? கஞ்சியை வழித்துத் தின்னும் பள்ளிக்கூடம் என்ற பொருளில் ஊர்க்காரர்கள் வழங்கும் பெயர் அது. அரசின் ஏடுகளில் சமூகக் குழந்தைப் பராமரிப்பு மையம் என்று இருக்கும். 1980களின் இறுதியில் தொடங்கி இன்று மலாவி முழுவதும் பரவியிருக்கும் இந்த மையங்களில், மூன்று முதல் ஐந்து வயதுவரையிலான பிள்ளைகளைக் காலைப்பொழுது முழுவதும் ஊர்ப் பெண்களே பார்த்துக்கொள்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது.

சலீமா பக்கம் ஒரு கிராமத்தில் அப்படி ஒரு மையத்தில் இரண்டு நாள் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மண்சுவர், புல் வேய்ந்த கூரை, ஒரு பக்கம் மழையில் கரைந்திருந்தது. வெளியே மூன்று கற்களின்மேல் கரிபிடித்த பெரிய பானையில் மக்காச்சோளமும் சோயாவும் கலந்த கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குவளையுடன் வந்தார்கள். என் கண் சென்றதெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தின்மேல்தான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எந்த வீட்டிலிருந்து எத்தனை கிண்ணம் மாவு வந்தது என்று அதில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு பெயருக்கு நேரே மட்டும் எண்ணுக்குப் பதிலாகச் சிறுசிறு குச்சிகளாக வரைந்திருந்தது. கேட்டபோது, அந்தப் பாட்டி மூன்று பேரப்பிள்ளைகளை வைத்திருக்கிறார், அவரிடம் கொடுக்க மாவு இல்லை, அதனால் விறகு கொண்டுவருகிறார், ஒரு கட்டு விறகுக்கு ஒரு குச்சி என்றார்கள். அந்தப் பாட்டியின் பேரப்பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளின் வரிசையிலேயே நின்று கஞ்சி வாங்கினார்கள். யார் பெற்றோரை இழந்தவர் என்பதை என்னால் அடையாளம் காண முடியவில்லை. நீங்கள் கட்ட நினைக்கும் இல்லத்தில் சேரும் நாற்பது பேருக்கும் முதல் நாளிலேயே அந்த அடையாளம் ஒட்டிக்கொண்டுவிடும்.

இத்தகைய ஏற்பாடுகள் மலாவியில் மட்டும் இருப்பவை என்று நினைக்க வேண்டாம். ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களிடம் 'சுந்தே ராமாம்போ' என்றொரு பழைய வழக்கம் உண்டு. தலைவரின் பொறுப்பில் ஒரு பொதுவயல் இருக்கும். ஊரார் முறைவைத்து உழைத்து, விளைந்ததைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவைத்து, ஆதரவற்றவர்களுக்கும் முதியவர்களுக்கும் வழங்குவார்கள். மங்கிக்கிடந்த அந்த வழக்கத்தை, எய்ட்ஸ் சாவுகள் பெருகிய 1990களில் மீண்டும் உயிர்ப்பித்தார்கள். அதே நாட்டில் 1993இல் மூத்தாரே நகரைச் சேர்ந்த ஒரு தொண்டு அமைப்பு, தேவாலயங்களைச் சேர்ந்த பெண்களைக்கொண்டு, பெற்றோரை இழந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குத் தவறாமல் சென்றுவரும் வேலையைத் தொடங்கியது. அதற்கு முன்கையெடுத்தவர்களில் ஒருவர் ஜெஃப் ஃபாஸ்டர் என்ற குழந்தைநல மருத்துவர். விதைச்சோளம், போர்வை, பள்ளிக் கட்டணம் என்று அந்தப் பெண்கள் கொடுத்தவை சிறியவை. ஆனால் ஒரு வீட்டுக்கு மறுபடி மறுபடி போகும் ஒருவருக்குத்தான் அந்த வீட்டில் எந்தப் பிள்ளை பள்ளிக்கு அனுப்பப்படாமல் மாடு மேய்க்கிறது என்பது தெரியவரும்.

பாட்டிமார்களின் வீட்டில் பிள்ளைகள் படும் பாட்டை நீங்கள் எழுதியிருப்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. அறுபத்தைந்து வயதுப் பெண் மண்வெட்டி பிடித்து ஐந்து பேருக்குச் சோறு போட வேண்டியிருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை, பழைய விளைச்சல் தீர்ந்து புதியது வராத மாதங்களில், ஒருவேளை உணவோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகள் பல. தந்தை இறந்ததும் அவருடைய உறவினர்கள் வந்து பாத்திரம், சைக்கிள், கூரைத் தகடுவரை எடுத்துக்கொண்டுபோகும் கொடுமையும் நடப்பதால்தான், மலாவி 2011இல் இறந்தவரின் சொத்தைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றியது. ஊரார் குழுவிலும் தலைவரின் உறவினர் வீட்டுப் பெயர் பட்டியலில் முதலில் ஏறுவதுண்டு. ஊர் என்றாலே எல்லாரும் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் குறைகள் ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டிலும் அந்த ஊரிலுமே செய்யக்கூடிய காரியம் இருக்கிறது. பாட்டிக்குக் கையில் காசு இல்லை என்றால், காசு கொடுப்பதுதான் நேரான வழி. மலாவி அரசு 2006இல் ம்சிஞ்சி மாவட்டத்தில் இதைச் சோதித்துப் பார்த்தது. உழைக்கும் ஆள் இல்லாத பரம ஏழை வீடுகளை ஊர்க்குழுவே தேர்ந்தெடுக்க, ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப மாதம் 600 முதல் 1,800 க்வாச்சா (மலாவி நாணயம்) வரை கொடுத்தார்கள். பள்ளி செல்லும் பிள்ளைக்குத் தனியே கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். அது பின்னர் நாடு முழுவதும் விரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலாவியில் 2004 முதல் எச்.ஐ.வி. மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதால் உயிர் பிழைத்த தாய்மார்கள் ஏராளம். பிள்ளை தாயை இழக்காமல் இருப்பதைவிடப் பெரிய பராமரிப்பு வேறில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, இந்த மருந்துப் பணியும் பிள்ளைகளுக்கான உதவிகளும் சேர்ந்தே அடிபட்டன. மருந்து வாங்க நடந்தே போகும் தாய்க்கு மினிபஸ் கட்டணம் கொடுப்பதும் உங்கள் காரியத்துக்குள் அடங்கும்.

இனி என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஊர்த்தலைவரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாமல், மையத்தை நடத்தும் பெண்களிடம் உட்கார்ந்து, இப்போது எதைச் செய்கிறார்கள், எங்கே தடைபடுகிறது என்று கேளுங்கள். அவர்கள் கூரைத் தகடு கேட்கலாம், அடிபம்புக்கு உதிரிபாகம் கேட்கலாம், பொதுவயலுக்கு விதையும் உரமும் கேட்கலாம். கேட்டதைக் கொடுங்கள், ஆனால் முழுவதையும் நீங்களே கொடுத்துவிடாதீர்கள். வெளியிலிருந்து மாவு மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய ஊர்களில், வீட்டுக்கு வீடு கொடுத்துவந்த ஒரு கிண்ணம் நின்றுபோய், ஓராண்டில் உதவியும் நின்றதும் பானை ஏறாமல்போன கதையை அங்கே என்னிடம் சொன்னார்கள். உதவி பெறும் வீடுகளை ஊர்க்குழு கூட்டத்தில் உரக்கப் படித்துத் தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். பெற்றோரை இழந்த பிள்ளைக்குச் சீருடை வாங்கும்போது அதே வீட்டில் உள்ள மற்றப் பிள்ளைக்கும் வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்த வீட்டில் அவன்மேல் வெறுப்பு மூளும். நன்றி சொல்ல வைத்துப் படம் எடுக்காதீர்கள். உண்மையிலேயே உறவென்று எவரும் இல்லாத ஓரிரு பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கு வளர்ப்புக் குடும்பம் தேடுவது சமூகநலத் துறையின் பொறுப்பு. உங்களிடம் பேசிய பெண்மணியே அதற்கு வழிகாட்டுவார்.

சேர்த்த பணத்தை ஒரே ஆண்டில் செலவிடாமல் ஐந்தாண்டுக்குப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கணக்காளர், அந்தப் பெண்களுக்கு வரவுசெலவு எழுதும் முறையைக் கற்றுக்கொடுத்தால், மாவட்ட அலுவலகத்தில் தங்களுக்கு உரியதைக் கேட்டுப்பெற அது உதவும். ஜனவரிக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் ஒருமுறை அங்கே போய், அந்த ஊர் நோட்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்