கேமரன் மலையில் வாங்கிய சைப்ரஸ் சுங்கை சிப்புட்டில் ஏன் காய்கிறது?

பேராக் சமவெளியில் இருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போனபோது, கூம்பு மாதிரி நிற்கிற, கிள்ளினால் எலுமிச்சை வாசம் வருகிற மூன்று குட்டிச் செடிகளை வாங்கி வந்தாராம். தாமான் குடியிருப்பில் உள்ள வீட்டு போர்ச்சில் வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை உரமும் போட்டிருக்கிறார். இரண்டே மாதத்தில் இரண்டு செடிகள் கீழிருந்து பழுப்பாகிவிட்டன. இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீட்டு வாசலில் ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தின் குட்டை ரகம் ஒன்று பல வருடமாகத் தொட்டியிலேயே பச்சைப் பசேலென்று நிற்கிறதே, எனக்குக் கைராசி இல்லையோ என்கிறார். வாசல் கேட் பக்கத்தில் நாலடி அகலத்துக்கு மண் இருக்கிறது, அதில் என்ன நடலாம் என்றும் கேட்கிறார்.

கைராசிக்கு ஒரு குறையும் இல்லை, சகோதரி. செடிதான் நம் ஊருக்கு உரியதில்லை.

நீங்கள் வாங்கியது பெரும்பாலும் கோல்ட்கிரஸ்ட் என்கிற லெமன் சைப்ரஸ். அதன் பூர்வீகம் கலிபோர்னியாவின் மான்டரே கடற்கரை, கடல் பனிமூட்டம் அடிக்கடி தவழும் குளிர்ந்த இடம். கேமரன் மலையின் தானா ராத்தா நகரம் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதன் குளிர் இந்தச் செடிக்கு ஒத்துப்போகிறது. சுங்கை சிப்புட்டில் பகல் வெயிலைக்கூட அது ஓரளவு தாங்கிவிடும், ராத்திரிதான் பிரச்சினை. பகலில் இலை சேர்த்து வைத்த சத்தை, 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவில் செடி மூச்சுவிட்டே செலவழித்துவிடுகிறது, அப்படி நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வரும் செடிக்கு வேரில் ஈரமும் தங்கிவிட்டால் ஃபைட்டோப்தோரா போன்ற வேரழுகல் கிருமி சுலபமாகப் புகுந்துவிடும். இன்னொன்று, அது குட்டை ரகமே கிடையாது. தரையில் வைத்தால் ஐந்து மீட்டருக்கு மேல் போகும். சின்ன வயதுச் செடியைச் சின்ன தொட்டியில் வைத்து விற்கிறார்கள், அவ்வளவுதான்.

மகள் வீட்டு ஸ்ப்ரூஸ் உண்மையான குட்டைதான். நீங்கள் சொல்கிற கூம்பு வடிவத்தைப் பார்த்தால் அது குட்டை ஆல்பர்ட்டா ஸ்ப்ரூஸாக இருக்கும். 1904இல் கனடாவின் ஆல்பர்ட்டா மலைப்பகுதியில் அமெரிக்காவின் ஆர்னால்டு தாவரத் தோட்டத்து ஆய்வாளர்கள் ஜாக், ரேடர் இருவரும் கண்டெடுத்த ரகம். வருடத்துக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர்தான் வளரும், அதனால்தான் தொட்டியிலேயே காலம் தள்ளுகிறது. ஆனால் அதன் மொட்டுகள் ஒரு குளிர்காலம் முழுக்க உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காக விரியும். நமக்கோ குளிர்காலமும் இல்லை, பகல் நேரமும் வருடம் பூராவும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம்தான். எவ்வளவு பாசமாக வளர்த்தாலும் அதை உறங்க வைக்க நம்மால் முடியாது. யாராவது கொண்டுவந்து விற்றாலும் வாங்காதீர்கள்.

காய்ந்த இரண்டையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். சைப்ரஸ், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலைச் செடி செத்த பிறகும் வெகுநாள் பச்சையாகவே நிற்கும். கிறிஸ்துமஸுக்கு வெட்டிக் கொண்டுவருகிற மரத்தைப் பாருங்கள், வேரே இல்லாமல் மூன்று நான்கு வாரம் பச்சை மாறாமல் இருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் இன்று பார்க்கிற பழுப்பு போன மாதமே வேரில் நடந்துவிட்ட சேதம். பழுப்பைப் பார்த்ததும் காய்கிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுகிறோம், அழுகிக்கொண்டிருக்கும் வேர் அதோடு முடிந்துவிடுகிறது. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை இல்லையென்றால் எடுத்துப் போட்டுவிடலாம். மூன்றாவதை, கேமரன் மலையில் ரிங்லெட் பக்கமோ தானா ராத்தாவிலோ சொந்தக்காரர்கள் இருந்தால் கொடுத்துவிடுங்கள், அங்கே நன்றாக இருக்கும். இல்லையென்றால் உரத்தை இன்றே நிறுத்திவிட்டு, காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வையுங்கள்.

உரத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். செம்பனை நாற்றங்காலில் நானும் வேலை பார்த்தவன்தான், மாதம் தவறாமல் உரம் போட்டால்தான் கன்று எழும் என்று பழகிய கை நம்முடையது. ஊசியிலைச் செடிக்கு அந்தப் பசி கிடையாது. மெதுவாகக் கரையும் உர உருண்டைகளை வருடத்துக்கு இரண்டு தடவை, அதுவும் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் பாதி போட்டால் தாராளம்.

சரி, நாலடி மண்ணுக்கு வருவோம். என் முதல் தேர்வு போடோகார்ப்பஸ். சீனர் வீட்டு வாசல்களில் லோ ஹான் சோங் என்று தொட்டியில் வளர்ப்பார்களே, அதுதான். ஊசிக்குப் பதில் நீளமான தட்டை இலை, ஆனாலும் ஊசியிலைக் குடும்பங்களைச் சேர்ந்ததுதான். நம் கடலோரங்களில் தானாக வளரும் ஜாத்தி லாவுட்டும் இதே இனம், வெக்கைக்குப் பிறந்தது. இரண்டுமே தானாகக் குட்டையாக இருக்காது, விட்டால் மரமாகிவிடும், ஆனால் வெட்ட வெட்டத் துளிர்க்கும் என்பதால் நாலடி உயரத்தில் வருடக்கணக்காக நிறுத்தி வைக்கலாம். தாமான் வீட்டு மண்ணில் கல்லும் சிமெண்ட் கட்டியும்தான் அதிகம், அதனால் ஓரடி உயரத்துக்கு மண்ணை மேடாக்கி நடுங்கள்.

தொட்டிக்கு சீன ஜூனிப்பர் நல்லது, போன்சாய் வளர்ப்பவர்கள் இங்கேயும் அதை வைத்திருக்கிறார்கள். தங்க நிறம் வேண்டுமென்றால் துஜா என்கிற ஊசியிலைச் செடியின் குட்டை ரகமான ஆரியா நானா, மெதுவாக நாலடி ஐந்தடிதான் வரும். இந்த இரண்டையும் கவாத்து செய்யும்போது கவனம், பச்சை இருக்கும் இடத்திலேயே வெட்ட வேண்டும், இலையில்லாத பழைய கட்டை வரை போய்விட்டால் அந்தக் கிளை திரும்பத் துளிர்க்காது. போடோகார்ப்பஸுக்கு உள்ள தாராளம் இவற்றுக்குக் கிடையாது.

தொட்டி மண்ணுக்குச் சுட்ட மண், பெருமணல், கருக்கிய உமி மூன்றும் சம அளவு. வெறும் தேங்காய் நார்த்தூளில் நட்டு விற்கிறார்கள், அது நம் மழைக்கு ஊறிப்போய்க் கிடக்கும். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் தட்டு வேண்டாம், வேருக்கும் கேடு, ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் குறைந்திருந்தால் மட்டும் தண்ணீர். போர்ச் கூரைக்கு அடியில் மழை படாத செடிக்குச் செஞ்சிலந்திப் பேன் வரும், கிளைக்கு அடியில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துத் தட்டினால் ஊர்கிற புள்ளிகள் தெரியும். காலையில் இலை அடியில் படும்படி குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடுத்த தடவை நர்சரிக்குப் போனால், காசைக் கொடுப்பதற்கு முன் கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல உருவிப் பாருங்கள். வேர் நுனி வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் வாங்கலாம். கறுத்து, விரலில் தோல் உரிந்து வந்தால், இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.