‘யூஸ்டு டு’வை அன்றாடப் பேச்சில் எப்படிப் பயன்படுத்துவது?

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்து குழம்பித்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் மேல் தப்பில்லை. நான் ஆங்கில ஆசிரியர் கிடையாது, பாளையங்கோட்டையில் உரக்கடை வைத்திருக்கிறேன். இலக்கணப் புலிகள் பொறுத்துக்கொள்ளவும்.

முன்பு இருந்து, இப்போது விட்டுப்போன பழக்கத்துக்குத்தான் ‘யூஸ்டு டு’. ‘வீ யூஸ்டு டு பேத் அட் குறுக்குத்துறை’ என்றால் முந்தி அங்கே ஆற்றில் குளிப்போம், இப்போது இல்லை. இப்போதும் குளிக்கிறீர்களா? ‘வீ பேத் அட் குறுக்குத்துறை’, அவ்வளவுதான். நமக்கு இடறுவது எங்கே என்றால், ‘சின்ன வயதில் போவேன்’, ‘தினமும் போவேன்’ இரண்டுக்கும் தமிழில் ஒரே ‘போவேன்’. அந்த நினைப்பில் இரண்டுக்கும் ‘யூஸ்டு டு’ போட்டுவிடுகிறோம்.

அக்கா மகன் பி.காம் முடித்துவிட்டு வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு வகுப்பில் சேர்ந்தான். நோட்டைப் புரட்டினால், ‘ஐ யூஸ் டு கெட் அப் அட் சிக்ஸ்: நான் ஆறு மணிக்கு எழுவது வழக்கம்’ என்று இருக்கிறது. பணம் கட்டியது நான். நேரே போய்விட்டேன். டை கட்டிய தம்பி ஒருவர்தான் பாடம் எடுப்பவர். தப்பு என்று சொன்னதும், “நீங்க எந்த மீடியம் சார் படிச்சீங்க?” என்றார்.

தமிழ் மீடியம்தான், கவர்மெண்ட் ஸ்கூல்தான். ஆனால் எங்கள் இங்கிலீஷ் சார் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி இதை நடத்தியிருந்தார். மார்க்கரை வாங்கி போர்டில் எழுதினேன். ‘யூஸ்டு டு’வுக்கு முன்னால் ‘ஆம்’ வந்தால் பொருளே வேறு. ‘ஐ ஆம் யூஸ்டு டு திஸ் ஹீட்’: இந்த வெயில் எனக்குப் பழகிப்போச்சு. இதில் வினைச்சொல் வந்தால் ‘இங்’ சேர்க்க வேண்டும்: ‘ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் ஏர்லி’. கேள்வியில் ‘டிட்’ வந்தால் ‘யூஸ் டு’ ஆகிவிடும்: ‘டிட் யூ யூஸ் டு லிவ் இன் தென்காசி?’ ‘யூஸ்டு டு’, ‘யூஸ் டு’ இரண்டும் காதுக்கு ஒன்றுதான், எழுதும்போதுதான் வித்தியாசம்.

“அது பிரிட்டிஷ் சார், நாங்க அமெரிக்கன் சொல்லித் தர்றோம்” என்றார் தம்பி. அமெரிக்காவிலும் இதே கதைதான். பையனை நிறுத்திவிட்டேன், பீஸ் திரும்பி வரவில்லை.

‘புரிஞ்சா போதாதா, ஊரே அப்படித்தானே பேசுது’ என்று சிலர் வருவார்கள். டீக்கடையில் போதும். இன்டர்வியூவில் ‘ஐ யூஸ்டு டு வொர்க் ஹார்ட்’ என்றால், இப்போது உழைப்பதில்லை என்று நாமே ஒப்புக்கொள்கிறோம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி என்றதும் ‘ஏலேன்னு ஒரு தடவை சொல்லுங்க’ என்று கேட்கும் சென்னை நண்பர்களே, நாங்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் அதைப் போடுவதில்லை. ‘ஏல’ என்பது கூட்டாளிக்கும் சின்னப் பையன்களுக்கும். பெரியவர்கள் கடைக்கு வந்தால் ‘வாங்க அண்ணாச்சி’தான். சினிமாவில் காட்டுவது மாதிரி பேசினால் ஒருத்தரும் என்னிடம் யூரியா வாங்க மாட்டார்கள்.