காலியாக வந்ததைப் பூஜ்ஜியமாக்காதீர்கள்

கேள்வி: ஊட்டி பக்கம் தலைக்குந்தாவில் எங்கள் கேரட் தோட்டத்தில் வெப்பநிலை சென்சார் வைத்திருக்கிறோம். மணிக்கு ஒருமுறை சர்வருக்கு அளவு போகிறது. சர்வரில் ஓடும் பிஎச்பி நிரல் அதை ஜேசன் என்ற எழுத்து வடிவத் தரவாகக் கொடுக்க, உலாவியில் சார்ட்.ஜேஎஸ் என்ற வரைபட நிரல் கோடு வரைகிறது. ஆனால் தேதி எல்லாம் 1970 என்று வருகிறது. ராத்திரியில் கோடு திடீரென்று 0 டிகிரிக்கு விழுகிறது. அதைப் பார்த்த சித்தப்பா உறைபனி என்று இருட்டோடு தண்ணீர் தெளிக்க ஓடினார். போனால் புல்லில் வெறும் பனித்துளிதான். எங்கே தப்பு?

பதில்: சித்தப்பா மேல் தப்பில்லை. ஜனவரியில் உங்கள் ஊரில் 0 என்றால் யாரும் ஓடத்தான் செய்வார்கள்.

முதலில் 1970. இது சின்ன விஷயம். இரண்டு பக்கமும் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்துதான் எண்ணுகின்றன. ஆனால் பிஎச்பி அதை விநாடிகளில் தருகிறது, உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மில்லிவிநாடிகளில் எதிர்பார்க்கிறது. இந்திய நேரப்படி 2024 ஜனவரி 14 பிறக்கும் நள்ளிரவு என்பது 1705170600 விநாடி. அதை அப்படியே கொடுத்தால் 1970 ஜனவரி 20 என்று படித்துக்கொள்ளும். 1000-ஆல் பெருக்குங்கள், சரியாகிவிடும். இந்திய நேரத்துக்கு உலாவியே மாற்றிக்கொள்ளும். தேதியை எழுத்தாக அனுப்பினால் மட்டும் கடைசியில் +05:30 சேர்க்க மறக்காதீர்கள்.

இனி அந்த 0. நீங்கள் அனுப்பிய ஜேசனில் 3 மணிக்கு 6.4, 4 மணிக்கு 5.9, 5 மணிக்கு 0, 6 மணிக்கு 5.2 என்று இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஆறு டிகிரி சரிந்து, அடுத்த மணியில் ஐந்து டிகிரி ஏறும் குளிரை நான் பார்த்ததில்லை. டேட்டாபேஸில் அந்த 5 மணி வரிசையைத் திறந்து பாருங்கள், காலியாக இருக்கும். சிக்னல் போயிருக்கும், இல்லை பேட்டரி படுத்திருக்கும்.

காலி எப்படி 0 ஆனது? டேட்டாபேஸிலிருந்து வரும் எண்கள் பல நேரம் மேற்கோள் குறிக்குள், எழுத்தாக வரும். அதைச் சரிசெய்ய எல்லாவற்றையும் ஃப்ளோட்டாக, அதாவது தசம எண்ணாக, மாற்றியிருக்கிறீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பிஎச்பியில் காலி மதிப்பை ஃப்ளோட்டாக மாற்றினால் 0 வரும். ஜாவாஸ்கிரிப்டில் எண்ணாக மாற்றும் ‘நம்பர்’ செய்வதும் இதையேதான். ஆகவே மதிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். இல்லையென்றால் ‘நல்’ (மதிப்பே இல்லை என்ற குறி) என்றே ஜேசனில் போகட்டும். அந்த வரிசையையே விட்டுவிடக் கூடாது. விட்டால் 4 மணிப் புள்ளியும் 6 மணிப் புள்ளியும் ஒட்டிக்கொள்ளும். ‘நல்’ வந்தால் சார்ட்.ஜேஎஸ் அந்த இடத்தில் கோட்டை அறுத்துவிடும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று ‘ஸ்பேன்கேப்ஸ்’ என்ற அமைப்பைப் போட்டு இணைக்கவும் வேண்டாம். கோடு அறுந்திருந்தால்தானே சென்சாரைப் போய்ப் பார்க்கத் தோன்றும்?

இனிமேல் மாற்றம் செய்யும்போதெல்லாம் வரைபடத்தைப் பார்க்கும் முன் சர்வர் முகவரியைத் தனியாக உலாவியில் திறந்து, நாலு வரி எண்களைக் கண்ணால் பாருங்கள்.

அப்புறம், சென்சாரை எந்த உயரத்தில் கட்டியிருக்கிறீர்கள்? மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை, மேலே உள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிரும். நாலடிக் கம்பத்தில் 3 டிகிரி காட்டும்போதே கீழே இலை உறைந்திருக்கலாம். சித்தப்பாவுக்கான எச்சரிக்கைக் கோட்டை 0-வில் வரையாமல் 4-இல் வரையுங்கள்.