தாதியும் முனைவராகலாம்

கேள்வி: பலதுறை மருந்தகத்தில் 11 ஆண்டுகளாகத் தாதி. ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பில் முனைவர் பட்டம் செய்ய ஆசை. 38 வயதில் முடியுமா அக்கா? – வாசகி, ஈசூன்

பதில்: தாராளமாக முடியும்மா. நான் தொடங்கியபோது எனக்கு 41. பல்கலைக்கழகத்தைத் தேடுமுன் உங்கள் ஆய்வுக் கேள்வியைத் தேடுங்கள். எனக்கு அதை ஒரு பாட்டி கொடுத்தார். வெள்ளிக்கிழமை விரதத்தன்று நீரிழிவு மாத்திரையை விட்டுவிடுவார். டாக்டரிடம் மூச்சு விட்டதில்லை. ஏன் சொல்லவில்லை? அதுவே என் ஆய்வானது. உங்களுக்கும் ஒரு களம் இருக்கிறது: 2023 ஜூலையில் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ என்ற சிங்கப்பூர் அரசின் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அதில் ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்கிறார்கள். அந்த உறவு நிலைக்கிறதா என்று பார்க்க, தமிழில் பேசவைக்கத் தெரிந்த உங்களைப் போன்றவர்கள் வேண்டும். நோயாளிகளைப் பேட்டி காணுமுன் நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். எனக்கு அதற்கே மாதக்கணக்கானது. ஆய்வு மேற்பார்வையாளரை முதன்முதலில் பார்க்கப் போகும்போது உங்கள் கேள்வியைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு கையில் இருக்கட்டும்.