மலேசியாவின் பேராக் கடலோரத்தில் உள்ள பாகான் டத்தோ தோட்ட மதகு வாயில் தோண்டிய சேறு ஏன் திரும்ப வருகிறது?

அந்தச் சேற்றில் பெரும்பகுதி செம்பனைக் காட்டிலிருந்து வருவதல்ல, கடல் ஏற்றம் கொண்டுவருவது. 2 மைக்ரான் களிமண் துகள் நன்னீரில் தனியாக 1 மீட்டர் இறங்க இரண்டு நாளுக்கு மேல் ஆகும். உப்புநீர் கலந்ததும் துகள்கள் ஒட்டிப் பஞ்சுபோலத் திரளும். அதே ஆழத்தை அரை மணி நேரத்திலேயே தொட்டுவிடும். ஆற்றுநீரை இரண்டு பாட்டிலில் பிடித்து, ஒன்றில் இரண்டு டீஸ்பூன் உப்புப் போட்டுக் குலுக்கி வையுங்கள், எது முதலில் தெளிகிறதென்று தெரியும்.

ஆழமில்லாத கழிமுகத்தில் பெரும்பாலும் ஏற்றம் குறுகிய நேரத்தில் வேகமாக வரும், வற்றம் மெதுவாக இறங்கும். வந்த சேறு முழுதும் திரும்பிப் போகாது. ஏற்றத்தின்போது மதகு மூடியிருப்பதால் அதன் முன்னால் நீர் அசையாமல் நிற்கும். சேறு படிய அதைவிட நல்ல இடமில்லை. ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை இது நடக்கும்.

புதுச்சேறு தயிர்போல இளகியிருக்கும்போதே தள்ளிவிட வேண்டும். வாய்க்காலில் மழைநீரைத் தேக்கி, வெளிநீர் நன்றாக வற்றியதும் கதவை முழுதாகத் திறங்கள். பாதித் திறப்பில் மதகடியில்தான் குழி விழும், வெளிச்சேறு நகராது. சில வாரம் விட்டால் இறுகிவிடும், பிறகு எக்ஸ்கவேட்டர்தான். தோண்டியதைக் கரையோரம் கொட்டாதீர்கள், மழையில் உள்ளேயே வழியும்.