பழம் வெட்டுகிறோம், வாருங்கள்

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறோம். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நண்பர்களை இரவு உணவுக்கு அழைப்போம். சென்ற முறை பத்துப் பேர் வந்தார்கள். நான் சமையலறையைவிட்டு வெளியே வரவே இல்லை. வந்தவர்கள் சாப்பிட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், ஆளுக்கொரு மூலையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒன்பதரைக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். குவிந்து கிடந்த பாத்திரங்களின் முன்னால் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த வைகாசிக் கடைசியில் மறுபடியும் அழைக்கிறேன். இம்முறை முழுக்கப் பருவ உணவு. மாங்காய்ப் பச்சடி, முருங்கைக்காய்க் கூட்டு, பலாக்காய் பிரியாணி, பச்சைப் பட்டாணிக் குருமா, நுங்குப் பாயசம் என்று பதினொரு வகை யோசித்திருக்கிறேன். குடிக்கப் பதநீர். வாசலில் வாழை மரம், கூடத்தில் உருளியில் மிதக்கும் பூக்கள். நம் முன்னோர்கள் பருவ விருந்தை எப்படி நடத்தினார்கள்? அலங்காரத்துக்கு நம் மரபில் வேறு என்ன இருக்கிறது? அழைப்பிதழில் போட ஒரு குறள் சொல்வீர்களா? நண்பர்களில் சிலர் மது அருந்துவார்கள், அதை அனுமதிக்கலாமா?

ம., சென்னை

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் ஒரு கடையில் நின்று ப்ளாஸ்டிக் டப்பா ஒன்றை முறைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே எட்டுப் பலாச்சுளைகள். கொட்டை நீக்கி, நார் நீக்கி, கட்டிய பல்வரிசைபோல அடுக்கி, மேலே மெல்லிய தாள் ஒட்டியிருந்தார்கள். பண்ருட்டிக்கு மேற்கே செம்மண்ணில் வளர்ந்தவன் நான். பலாவுக்கு இப்படி ஒரு கதி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வாங்கவும் செய்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? வீட்டுக்கு வந்து எட்டையும் தனியாக உட்கார்ந்து தின்றுவிட்டுக் கணினியைத் திறந்தால் உங்கள் கடிதம் காத்திருந்தது. ஆகவே இதில் வருகிற கோபத்தில் பாதி அந்த டப்பாவுக்கு உரியது.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். விருந்தோம்பலுக்கு 81 முதல் 90 வரை பத்துக் குறள்கள் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொடுங்கள், எதுவும் பழுதில்லை. மதுவைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். வண்டி ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது என்பதற்கு மேல் எனக்குக் கருத்தில்லை. வாசலில் வாழை மரம் கட்டினால் எதிர்வீட்டுக்காரர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்பார், பதிலைத் தயாராக வைத்திருங்கள். உருளி பாயசம் கிண்டுகிற பாத்திரம். அதில் தண்ணீர் ஊற்றிப் பூவை மிதக்கவிடுவது ஓட்டல் வரவேற்பறை வேலை. வீட்டில் உருளி இருந்தால் அடுப்பில் ஏற்றுங்கள். பச்சைப் பட்டாணி பனிக்காலத்தில் காய்ப்பது. வைகாசியில் உங்களுக்குக் கிடைப்பது உறைய வைத்த பொட்டலம். அதைப் போட்டுவிட்டுப் பருவ உணவு என்று சொல்லாதீர்கள்.

பதநீரா? இரவு எட்டு மணிக்கா? அம்மா தாயே, பனையிலிருந்து விடிகாலையில் இறக்குவது அது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவி வைப்பதால்தான் கள்ளாகாமல் பதநீராக நிற்கிறது. அந்தச் சுண்ணாம்பும் நாள் முழுக்கக் காவல் காக்காது. வெயில் ஏற ஏறப் புளிக்கத் தொடங்கிவிடும். குடிக்க வேண்டுமானால் காலையில், மரத்தடியில், பனையோலைப் பட்டையில் குடிக்க வேண்டும். இரவுக்குப் பானகம் போதும். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. சுக்கைச் சற்று தாராளமாகவே போடுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இனி முன்னோர்கள். உங்கள் முன்னோர்களை எனக்குத் தெரியாது. என் ஆயாவைத் தெரியும். அவளுக்குப் பருவ விருந்து என்ற சொல் தெரியாது. கிணற்றடியில் ஒரு பலா மரம் இருந்தது. நல்ல வருஷத்தில் அறுபது, எழுபது பழம். ஒவ்வொன்றும் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அத்தனையும் சித்திரைக்கும் ஆடிக்கும் நடுவில் பழுத்துத் தொலைக்கும். பழுத்தபின் மூன்று நாள் வைத்தால் ஊரே மூக்கைப் பிடிக்கும். இதில் ஒரு வீடு எத்தனை தின்ன முடியும்? கூப்பிட்டே ஆக வேண்டும். மாலையில் ஆயா என்னைத் தெருவுக்கு அனுப்புவாள். நான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "பழம் வெட்டுகிறோம், வாருங்கள்" என்று கத்திவிட்டு ஓட வேண்டும். அதுதான் அழைப்பிதழ்.

முற்றத்தில் சாக்கு விரிப்பாள். நடுவில் பழம். பக்கத்தில் ஒரு கிண்ணம் எண்ணெய், ஒரு கைப்பிடித் துணி, பாலைச் சுற்றி எடுக்க ஒரு குச்சி. கத்திக்கும் எண்ணெய், முழங்கைவரை கைக்கும் எண்ணெய். பழத்தை நீளவாக்கில் பிளந்து, நடுத்தண்டைச் சீவி, வழிகிற பாலைக் குச்சியில் உருட்டி எடுத்தபிறகு பாளம் பாளமாக ஆளுக்கொன்று தள்ளிவிடுவாள். பிறகு எல்லாருக்கும் வேலை. பெரியம்மா சுளையைப் பிரிப்பாள். அக்காமார்கள் கொட்டையைப் பிதுக்குவார்கள். கொட்டையின் மேல் வழுவழுப்பான தோல் ஒன்று இருக்குமே, அதை உரிப்பது பொடிசுகள் பாடு. மாமாக்கள் எதற்கும் உதவாதவர்கள், மடலை மாட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுவார்கள். பேச்சு அதுபாட்டுக்கு ஓடும். யாருடைய பெண் யாரைப் பார்த்துச் சிரித்தாள், எந்த நிலத்துக்கு எவ்வளவு கடன், எல்லாம் அந்தச் சாக்கில் உட்கார்ந்துதான் நான் கேட்டது. எப்போது சாப்பிடத் தொடங்கினோம் என்று யாருக்கும் தெரியாது. பத்தைப் பிரித்தால் மூன்று வாய்க்குள் போகும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஆயாவை. வருஷம் முழுக்க அடுப்படியில் நின்ற பெண்பிள்ளை அவள். எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் சட்டியில் மிஞ்சியதைத் தின்றவள். பழம் வெட்டுகிற நாளில் மட்டும் அவள் சாக்கின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். கையெல்லாம் எண்ணெயும் பிசினும். எழுந்திருக்க முடியாது. தாத்தா தண்ணீர் கொண்டுவந்து அவள் வாயில் ஊற்றுவார். தாத்தா! ஒரு டம்ளரைத் தன் கையால் நகர்த்தி வைக்காதவர்.

நீங்கள் சமையலறையில் நின்று அழுததாக எழுதிய வரியை நான் இரண்டு முறை படித்தேன். பதினொரு வகை சமைக்கிறவள் எப்படி வெளியே வருவாள்? வந்தவர்களுக்கோ செய்வதற்கு ஒன்றுமில்லை. சாப்பிட வேண்டும், நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இது ஓட்டலில் உட்கார்ந்திருப்பவனின் வேலை. ஓட்டலில் உட்கார்ந்திருப்பவன் கைபேசியைத்தான் பார்ப்பான், சாப்பிட்டதும் எழுந்துதான் போவான். அவர்கள்மேல் என்ன தப்பு?

விருந்தாளியிடம் வேலை வாங்குவதா என்று உங்கள் மாமியார் கேட்பார். கேட்கட்டும். நான் இதைப் பல பேரிடம் பல முறை சொல்லி அலுத்துவிட்டேன், உங்களிடமும் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு நாம் தேவைப்படுகிறோம் என்று தெரிந்தால்தான் அங்கே கால் தரிக்கும். என் நண்பர் வீட்டில் எழுந்து ஒரு தட்டை எடுத்தால்கூட "ஐயோ, நீங்கள் உட்காருங்கள்" என்று பிடுங்கிக்கொள்வார்கள். மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையில் நான் மாப்பிள்ளை வீட்டுத் தூரத்து உறவினனாகிவிடுகிறேன். என் ஆயா யாரையும் மரியாதைக்காகக் கூப்பிடவில்லை. பதினைந்து கிலோ பழம் அழுகிவிடும், அதை உரிக்க அவளுக்குப் பன்னிரண்டு கை வேண்டும், தீர்க்க இருபது வயிறு வேண்டும். அவ்வளவு பட்டவர்த்தனமான காரணம். நீங்கள் பருவம் என்று கடையில் கிடைப்பதைப் பட்டியல் போடுகிறீர்கள். இருநூறு கிராம் நுங்கு, கால் கிலோ மாங்காய். அவளுக்குப் பருவம் என்றால் சமாளிக்க முடியாத அளவுக்கு வந்து விழுவது.

முன்னோர்களைப் பற்றி நான் மூக்கால் அழுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பழங்களை மரமேறி, காம்பில் கயிறு கட்டி, அடிபடாமல் இறக்கியவர் ஒருவர் இருந்தார். எது பழுத்தது என்று தட்டிப் பார்த்துச் சொன்னவரும் அவர்தான். வேர்ப்பலா எங்கே மண்ணுக்குள் வெடித்திருக்கிறது என்று வாசனையை வைத்தே கண்டுபிடிப்பார். அவருக்கு என் தாத்தாவின் வயது. நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். முற்றத்தில் பழம் பிளக்கிறபோது அவருடைய பங்கு வாழை இலையில் மாட்டுக்கொட்டகை ஓரத்துக்குப் போகும். கொண்டுபோய் வைத்தது பல நாள் நான்தான். அவர் இலையை வாங்கிக்கொள்ளும்போது என்னைப் பார்க்க மாட்டார். ஊரையே கூப்பிட்டோம் என்று நான் இப்போது பெருமையாகச் சொல்கிற ஊரில் அவர் இல்லை. "நம் முன்னோர்கள் எப்படி நடத்தினார்கள்" என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்தக் கொட்டகைதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே அந்தக் கேள்வியை என்னிடம் இனி கேட்காதீர்கள்.

2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் பக்கத்தில் பலாவும் முந்திரியும் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. இரண்டு நாள் கழித்து நான் போய்ச் சேர்ந்தபோது கிணற்றடி மரம் வேரோடு புரண்டு, கிளைகள் கிணற்றுக்குள் தலைகுப்புறக் கிடந்தன. வேர் இருந்த குழியில் தண்ணீர் நின்றது. ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மறு வைகாசியில் ஊருக்குப் போகும்போது நெடுஞ்சாலையோரக் கடையில் ஒரு பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவள் தட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், பிறகு விலை கேட்டாள். சொன்னேன். சாக்கை விரிக்கச் சொல்லி, கைக்கு எண்ணெய் தடவி, பழைய மாதிரியே பிளந்தாள். வீட்டில் நாங்கள் ஏழு பேர். சுளைகளைத் தாம்பாளத்தில் கொட்டி, ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினாள். பிறகு தலைக்கு ஆறு என்று பிரித்து வைத்தாள். அவள் சுளை எண்ணியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

சரி, உங்கள் வைகாசிக்கு வருகிறேன். பதினொன்றில் ஒன்பதை அடித்துவிடுங்கள். சோறு, ரசம், அந்த மாங்காய்ப் பச்சடி, முருங்கைக்காய்க் கூட்டு இருக்கட்டும். பிரியாணி வேண்டாம். காயாகச் சமைத்த பலாவும் பழமும் ஒரே நாளில் எதற்கு? கோயம்பேட்டுக்குக் கணவரை அனுப்பி முழுப் பழம் ஒன்றை வாங்கி வரச் சொல்லுங்கள். முட்கள் அகன்று மழுங்கியிருக்க வேண்டும், தட்டினால் பொத்தென்று சத்தம் வர வேண்டும். கணீரென்று கேட்டால் காய். அங்கேயே மணக்கிறது என்றால் அன்றே வெட்டியாக வேண்டும்; ஆகவே இரண்டு நாள் முன்னதாகப் போனால் மணக்காததாகப் பார்த்து வாங்கட்டும். பால்கனியில் கிடந்து பழுக்கும். சனிக்கிழமை மாலைக்குள் அக்கம்பக்கத்தில் நான்கு பேர் வந்து என்ன வாசனை என்று கேட்பார்கள். அவர்களையும் கூப்பிட்டுவிடுங்கள். காலையில் படிக்கட்டைப் பெருக்க வருகிற அம்மாவையும் கூப்பிடுங்கள், உட்காரச் சொல்லுங்கள். மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்புவதை நான் கூப்பிடுவதாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கூடத்தின் நடுவில் பழைய போர்வையை விரித்து அதன்மேல் பழத்தை வையுங்கள். உங்கள் அலங்காரம் அதுதான், வேறு ஒன்றும் வேண்டாம். பத்துப் பேர் கையிலும் எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெயும் பலாப்பிசினும் பூசிய விரலால் எவனும் கைபேசியைத் தொட மாட்டான், தொட்டால் அவன் விதி. பட்டுடுத்தி வர வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்தக் கறை போகாது. கத்தியை நீங்கள் பிடியுங்கள். நடுவில் உட்காருங்கள். தாகம் எடுத்தால் கணவரைக் கூப்பிட்டுப் பானகத்தை வாயில் ஊற்றச் சொல்லுங்கள்.

சுக்கு எதற்கு என்று சொல்ல மறந்துவிட்டேன். முதல் முறை முழுப் பழத்தைப் பார்க்கிறவர்கள் அளவு தெரியாமல் தின்பார்கள், நள்ளிரவில் வயிற்றைப் பிடிப்பார்கள். அப்பருக்குச் சூலை என்ற வயிற்றுவலி தீர்ந்த திருவதிகை எங்கள் ஊருக்குப் பக்கம்தான் என்றாலும் பெரும்பாக்கத்திலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ அந்த நேரத்தில் கிளம்பிப் போக முடியாது.

இன்னொன்று. கொட்டைகளை மடலோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பெரிய பழம் என்றால் நூறுக்குக் குறையாமல் இருக்கும். கழுவி நிழலில் உலர்த்தி வையுங்கள். உங்கள் வீட்டில் கருவாடு ஆகும் என்றால் எழுதுங்கள். கத்திரிக்காயும் பலாக்கொட்டையும் போட்டு ஆயா வைக்கிற குழம்பின் பக்குவம் எனக்கு ஓரளவு நினைவிருக்கிறது, புளி அளவு மட்டும் பெரியம்மாவைக் கேட்க வேண்டும்.