ஏலத் தோட்டத்து ஏடிவியில் (கரடுமுரடான பாதைக்கான நாலு சக்கர வண்டி) ஹேண்டில் கனக்கிறது. பவர் ஸ்டீயரிங் மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் காசைக் கொட்டுமுன் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் இறுக்கம் என்றால் கோளாறு ஸ்டீயரிங் தண்டின் புஷ், அடி பேரிங், பால் ஜாயின்ட் இவற்றில்தான். போடிமெட்டு, வண்டன்மேடு மழையில் சேறு புஷ்ஷுக்குள் புகுந்து கிரீஸைத் தின்றுவிடும். கழற்றித் துடைத்து, தண்ணீர் தாங்கும் கிரீஸ் வையுங்கள்.

தூக்கினால் லேசு, இறக்கினால் கனமா? டயர் காற்றைப் பாருங்கள். இருக்க வேண்டியது பெரும்பாலும் 4 முதல் 7 பிஎஸ்ஐதான். பங்க் கேஜில் அது சரியாகத் தெரியாது. வீல் ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் வளையம்) இருந்தால் கழற்றிவிடுங்கள், ஒவ்வொரு கல்லும் ஹேண்டிலை வெட்டி இழுப்பது அதனால்தான். முன் டிஃப் லாக் (இரண்டு முன் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலப் பூட்டுவது) போட்டுத் திருப்பினால் எந்த வண்டியும் முரண்டு பிடிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் கை வலித்தால் எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் கிட். மோட்டாரும், கை திருப்பும் விசையை அளக்கும் டார்க் சென்சாரும் சேர்ந்த யூனிட் தண்டின் நடுவில் உட்காரும். உங்கள் மாடலுக்கென்றே வரும் தண்டும் பிராக்கெட்டும் வாங்குங்கள். பழையதை வெட்டி லோக்கல் வெல்டு வைப்பது மலைச்சரிவில் உயிரோடு விளையாட்டு. மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக, தடித்த வயரில், ஃபியூஸ் வழியே வரட்டும்; சாவி போட்டால் மட்டும் இயங்க ஒரு ரிலே. மெதுவாக மேடேறும்போது, எஞ்சினில் மின்சாரம் எடுக்கும் ஸ்டேட்டர் தரும் சார்ஜ் குறைவு. வின்ச்சும் (வண்டியை இழுக்கும் கம்பிச் சுருள்) எக்ஸ்ட்ரா லைட்டும் சேர்ந்தால் பேட்டரி இறங்கி, பாதித் திருப்பத்தில் உதவி நின்றுபோகும்.